ஒன்றாம் எண், பழைய உப்புச் சாலை

செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்கு வந்த பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. வழக்கமாகச் சுயம்புக்கனி பெயரைப் படிக்கமாட்டாள். தேதி முத்திரை குத்தி, துளையிட்டு, கோப்பில் சேர்த்துவிடுவாள். அன்றைக்கு முத்திரையை மை அட்டையில் அழுத்தியபோது கண் தானாகத் தாளில் விழுந்துவிட்டது. இசக்கியம்மாள், வயது முப்பத்தெட்டு, மாரடைப்பு, மூன்று நாட்களுக்குள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்த இசக்கியம்மாள் இதே அறையில், எதிரே கிடக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

உவர்த்துறை மாநகராட்சிக்குச் சொந்தமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு. கட்டிடம் இன்றும் மாநகராட்சியுடையதுதான். ஆனால் ஏழு மாதமாக அதை நடத்துவது பொது மருத்துவமனை ஆணையம். முப்பது வருடக் குத்தகை. குத்தகை என்றதும் ஊரில் பாதிப் பேர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். உள்ளதைச் சொல்வதென்றால் ஆணையம் குறை வைக்கவில்லை. மாத்திரை இருந்தது, லிஃப்ட் ஓடியது, பிரசவ வார்டுக் கழிப்பறையில் இருபது வருடத்துக்குப் பிறகு தண்ணீர் வந்தது. கெடுதல் ஆணையத்திடமிருந்து வரவில்லை. அது இந்த அறையிலிருந்து, இந்த மேசையிலிருந்து, சுயம்புக்கனியின் சுட்டுவிரலிலிருந்து போனது.

கட்டிடத்தோடும் கட்டில்களோடும் சேர்ந்து ‘அழைப்பு’ம் குத்தகைக்குப் போயிருந்தது. உவர்த்துறையில் எல்லார் மணிக்கட்டிலும் மாநகராட்சி கொடுத்த சாம்பல்நிறப் பட்டை ஒன்று இருக்கும். உள்ளே ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அது இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கும். மாரடைப்போ பக்கவாதமோ வருகிறதென்றால் மூன்று நாளைக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். உடனே மணி அடித்து, ஒரு பெண்குரலில், “ஆஸ்பத்திரிக்கு வாங்க, படுக்கை தயாராக இருக்கிறது” என்று கூப்பிடும். போய் இரண்டு நாள் படுத்து, ஊசி போட்டுக்கொண்டு, வரவேண்டிய சாவைத் தள்ளிவிட்டுவிட்டு வீடு திரும்பலாம். நன்றாக இருப்பவர் கையில் அது வருடக்கணக்காக வாயே திறக்காது. பலருக்குக் கட்டியிருப்பதே மறந்துபோயிருக்கும்.

யாரையெல்லாம் கூப்பிட வேண்டும்? குத்தகைப் பத்திரத்தின் நாலாம் இணைப்பில் பெயர் உள்ளவர்களை. இணைப்பில் இல்லாதவர் கையிலும் பட்டை இருக்கிறது. அதுவும் கேட்கிறது, அதற்கும் தெரிகிறது. ஆனால் கூப்பிட அதற்கு அதிகாரம் இல்லை. இணைப்பில் இல்லாதவர்கள் மாநகராட்சியின் பொறுப்பு என்று பத்திரம் சொல்வதால், அந்தப் பெயர்களை ஆணையம் ஒவ்வொரு நாளும் காலையில் ஒழுங்காக மாநகராட்சிக்கு அனுப்பிவைத்தது. தாளின் தலையில் ‘அழைக்கப்படாதவர்கள்’ என்று இருக்கும். பல நாள் தலைப்பு மட்டும் வரும். சில நாள் ஒரு பெயரும் வரும். மாநகராட்சியிடம் இப்போது ஆஸ்பத்திரியும் இல்லை, டாக்டரும் இல்லை. குத்தகைப் பிரிவு என்று ஓர் அறையும், அதில் கண்காணிப்பாளர் சுயம்புக்கனியும்தான் மிச்சம். அவள் சட்டப் பிரிவுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழு மாதத்தில் இருபத்திரண்டு பெயர்கள், பதினொரு கடிதங்கள். கடிதங்களில் ஒரு பிழை இருக்காது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இசக்கியம்மாள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் சுயம்புக்கனி தப்பித்திருப்பாள். சண்டைக்காரர்களைச் சமாளிக்க இருபத்து மூன்று வருட உத்தியோகம் கற்றுக்கொடுத்திருந்தது. இசக்கியம்மாள் ஒரு ஜவுளிக்கடைப் பையிலிருந்து சாம்பல்நிறப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஆனாலும் கொக்கியில் உப்பு பூத்திருந்தது.

“இது ஆபீஸ் சாமான்லா. எங்க வீட்டுக்காரவுக கையில இருந்து கழத்தித் தந்தாங்க. திருப்பிக் குடுக்கலன்னா பின்னால கேள்வி வரும்னு சொன்னாங்க.”

“எப்பம்மா...?”

“பத்தாம் தேதி. அளத்துல உப்பு வாரிக்கிட்டு இருந்தாக. வரப்புல அப்படியே உக்காந்துட்டாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவங்க ஓடி ஓடித்தான் பாத்தாங்க, சும்மா சொல்லக்கூடாது.”

ஏழாம் தேதிப் பட்டியல், ஒரு பெயர். சுயம்புக்கனிக்கு முத்திரை குத்தியது ஞாபகம் வந்தது, பெயர் ஞாபகம் வரவில்லை.

“அங்க ஒரு நர்சுப்பிள்ள சொல்லிச்சு, பட்டைக்கு மூணு நாளைக்கு முந்தியே தெரியும்னு. அப்ப ஏம்மா அது கூப்பிடல? ரிப்பேரா?”

சுயம்புக்கனி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள் என்று பின்னால் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “ரிப்பேர்தான்.”

“பாத்துச் சரிபண்ணுங்கம்மா. அடுத்தவங்களுக்கு ஆகும்லா.”

ஒப்படைத்ததற்கு ரசீது கொடுக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் பக்கத்து மேசை அருமைநாயகத்திடம் இருந்தது. அவர் வருவாய்ப் பிரிவுக் கண்காணிப்பாளர். இடநெருக்கடியால் இந்த அறையில் போடப்பட்டவர். ஆபீசில் எந்தச் சிரிப்பு கேட்டாலும் அது அவரிடமிருந்து கிளம்பியதாக இருக்கும். விலாசம் என்ன என்று சுயம்புக்கனி கேட்டாள், கேட்கத் தேவையில்லாமலே.

“ஒண்ணாம் நம்பர், பழைய உப்புச் சாலை,” என்றாள் இசக்கியம்மாள். “நெசத்துல அளத்துக் கொட்டாயில இருக்கோம். எழுதுறது அப்படித்தான்.”

அருமைநாயகம் தலை நிமிராமல் அஞ்சல் குறியீட்டு எண் வரைக்கும் எழுதி, ரசீதைக் கிழித்து நீட்டினார். அன்றைக்கு ஒரு நக்கலும் பேசவில்லை. டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்தவர் ஒரு மணி நேரம் திரும்பி வரவில்லை.

அந்த விலாசத்தின் கதை சின்னதுதான். ஆஸ்பத்திரியில் யாருக்குச் சீட்டுப் போட்டாலும் விலாசம் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் சீட்டு நகராது. உப்பளக் கொட்டகைகளுக்குக் கதவிலக்கம் கிடையாது. படகிலேயே குடியிருப்பவர்களுக்கும், வீட்டிலிருந்து விரட்டப்பட்டு வருகிறவர்களுக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. முன்னொரு காலத்தில் சீட்டுக் கவுண்டரில் இருந்த ஒரு பெண், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவனிடம் விலாசம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தன் தலைக்கு மேலே பலகையில் எழுதியிருந்ததையே எழுதிவிட்டாள். ஆஸ்பத்திரியின் சொந்த விலாசம். அவளுக்கு அடுத்து வந்தவர்களும் அதையே எழுதினார்கள். மேலிடம் கேட்கவுமில்லை, இவர்கள் சொல்லவுமில்லை. அந்த விலாசத்துக்குக் கடிதம்கூட வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து, கூட்டுறவு சொசைட்டியிலிருந்து, சில சமயம் கல்யாணப் பத்திரிகைகூட. கவுண்டருக்குள் ஒரு பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

சுயம்புக்கனிக்கு அந்த டின் நன்றாகத் தெரியும். பத்து வயதிலிருந்து அதைத் திறந்திருக்கிறாள். இருபத்து மூன்றாவது வயதில் இந்த உத்தியோகத்துக்கான ஆணை அந்த டின்னுக்குள்தான் கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளை ஒண்ணாம் நம்பர் வீட்டுக்காரி என்று கூப்பிட்டார்கள். உனக்கு எந்த வார்டில் கட்டில் என்று கேட்டார்கள். வேலை கிடைத்த முதல் மாதமே ஊருக்குள் அறை எடுத்து விலாசத்தை மாற்றினாள். கல்யாணம் பேசும்போது, செத்துப்போன அப்பாவை உப்புக் கம்பெனியில் கணக்குப்பிள்ளை என்று சொன்னாள். அவர் தலைச்சுமையாய் உப்பு சுமந்தவர். பொய் சொன்ன அன்றைக்கு அவர் உச்சந்தலையில் முடி இல்லாத அந்த வட்டம் கண்ணுக்குள் வந்தது, அதையும் விழுங்கிவிட்டாள். புருஷனுக்கோ, குடும்பப் பாத்திரக்கடையில் உட்காரும் நாத்தனார்களுக்கோ இன்றுவரை தெரியாது.

குத்தகைக்கு முன்னால் பதிவேட்டைச் சுத்தம் செய்தார்கள். செத்தவர்கள், ஊர்விட்டுப் போனவர்கள், இரட்டைப் பதிவுகள் எல்லாவற்றையும் களைந்து நாலாம் இணைப்பைத் தயாரிக்கும் பொறுப்பு சுயம்புக்கனிக்கு. கடைசிக் கூட்டத்தில் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து நின்றது: ஒரே கதவிலக்கத்தில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அதற்குள் ஆஸ்பத்திரியின் பழைய வாசலை அடைத்து, வாசலைப் பைபாஸ் பக்கம் திருப்பி, விலாசமே மாறிவிட்டிருந்தது. பழைய உப்புச் சாலை என்பது சுவரோடு முடிகிற ஒரு சந்து. கமிஷனர் வெளியூர்க்காரர், வயதில் இளையவர்.

“ஒரே வீட்டுல மூவாயிரம் பேரா?” என்றார்.

“காலையில கக்கூசுக்கு எத்தனை மணிக்கு சார் வரிசை நிப்பாங்க?” என்றார் அருமைநாயகம். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

மேசையைச் சுற்றி முப்பது பேர் சிரித்தார்கள். சுயம்புக்கனியும் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள்.

கமிஷனர் சிரிக்கவில்லை. “இது என்ன விலாசம்னு யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். ஒப்புக்குக் கேட்கவில்லை, பேனாவை மூடிவைத்துவிட்டு நிஜமாகவே காத்திருந்தார். அரை நிமிடம் இருக்கும். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். சொன்னால் அடுத்த கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும் என்பது. சுயம்புக்கனி தன் முன்னாலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

“யாருக்கும் தெரியலைன்னா போலிப் பதிவுதான். எடுத்துருங்க மேடம்.”

நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

அந்த ஏழு மாதமும் இப்போது ஒரே தாளாக மேசைமேல் கிடந்தது. இசக்கியம்மாள், மூன்று நாட்களுக்குள். முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு சுயம்புக்கனி வெளியே போனாள்.

உப்பளத்து வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. வரப்புமேல் நாலைந்து பெண்கள் உப்பைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மாள் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போகணும், வாங்க,” என்றாள் சுயம்புக்கனி.

“என் பட்டை ஒண்ணும் அடிக்கலையே.”

“அது அடிக்காது. எங்க ஆபீசுக்குத் தாள் வந்திருக்கு.”

இசக்கியம்மாள் தன் கையைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். “அன்னைக்கு ரிப்பேர்னு சொன்னீங்க. இன்னும் சரிபண்ணலையா?”

சுயம்புக்கனி வண்டியைத் திருப்பி நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரி வாசல் கதவு இசக்கியம்மாளின் பட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். புறநோயாளிச் சீட்டுப் போட்டு, ஈசிஜி எடுத்துக் கொடுத்தாள். ஈசிஜியில் ஒன்றுமில்லை. நெஞ்சுவலி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். மூச்சு வாங்குதா, இல்லை. படிக்கட்டு ஏறினால் வாங்குதா என்றதற்கு, அளத்தில் ஏது படிக்கட்டு என்றாள். நோவு எதுவும் இல்லாதவளை எந்த ஆஸ்பத்திரியும் படுக்க வைக்காது. பட்டையின் பேச்சை நம்பி, நன்றாக இருப்பவரைப் படுக்கவைக்கிற ஆஸ்பத்திரி அந்தப் பக்கத்திலேயே இது ஒன்றுதான். பட்டையோ இவள் விஷயத்தில் பேசக்கூடாது என்றிருந்தது.

அழைப்புப் பிரிவுக்குப் பொறுப்பு டாக்டர் ஜுலைகா. சுயம்புக்கனியைவிடப் பத்து வயது சின்னவள். தினமும் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவள். கையெழுத்துக்கு உரிய முகத்தை அன்றுதான் சுயம்புக்கனி பார்த்தாள்.

“நீங்கதானா அக்கா?” என்றாள் ஜுலைகா. “ஏழு மாசமா அனுப்புறேன். ஒரு பதில் வராதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“சட்டப் பிரிவுக்கு எழுதியிருக்கேன்.”

“நல்லது,” என்றாள் ஜுலைகா. அதில் கோபம்கூட இல்லை.

சுயம்புக்கனி நாற்காலியில் உட்காராமலே பேசினாள். “இந்த அம்மாவை என் வீட்டு விலாசத்துல போட்டுக்கோங்க. ஒரே ஆள்தானே. எங்க சித்தி மகள்னு எழுதித் தாரேன்.”

“அவங்க இன்னைக்கு மாடி வீடு கட்டிக் குடிபோனாலும் பிரயோசனமில்ல அக்கா. விலாசம் எத்தனை தடவை மாத்தினாலும் பட்டை முதல் பதிவோடதான் கட்டியிருக்கு. முதல் பதிவு போச்சுன்னா பட்டை ஊமை. பட்டை கூப்பிடாதவங்களைப் படுக்கவைக்க எனக்கும் அதிகாரமில்ல. அந்த மூவாயிரத்துச் சொச்சம் பதிவும் திரும்ப வரணும். தனியா ஒண்ணைக் கொண்டுவர வழியில்ல.”

“எப்படிக் கொண்டுவர?”

ஜுலைகா பத்திரத்தைத் திரையில் கொண்டுவந்து, ஒரு பத்தியைக் காட்டினாள். அவளுக்கு அது மனப்பாடம் என்று தெரிந்தது. “ரெண்டு வழி இருக்கு. கவனக்குறைவா விட்டுப்போச்சுன்னு நீங்க எழுதித் தந்தா, மாமன்றம் தீர்மானம் போடணும், எங்க வாரியம் கூடி ஒத்துக்கிடணும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூடுவாங்க. இன்னும் எட்டு மாசம் ஆகும்.”

“இன்னொண்ணு?”

“இணைப்பைத் தயாரிச்ச அதிகாரியே, உண்மையான ஆட்கள்னு தெரிஞ்சே நீக்கினேன்னு சான்று தந்தா, அந்த நீக்கம் முதல்ல இருந்தே செல்லாது. வந்து சேர்ந்த நிமிஷம் பழைய பதிவேடு உயிருக்கு வந்திரும். யாரையும் கேக்க வேண்டாம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “காணாமப்போன பொருள்னா விசாரிக்கணும். எடுத்தவங்களே கொண்டுவந்து தந்தா வாங்கி வச்சிக்கிட வேண்டியதுதான். அதனால அப்படி எழுதியிருக்காங்க. ஆனா தெரிஞ்சேன்னு எழுதினா, எப்படித் தெரியும்னும் எழுதணும். மாமன்றத்துல வாசிப்பாங்க. உங்களைத் தற்காலிகமா நீக்குவாங்க. நான் பொய் சொல்லக்கூடாது.”

“தெரிஞ்சு யாரும் செய்வாங்களா டாக்டர்?”

கேட்டபிறகுதான், இதை ஏன் கேட்டோம் என்று சுயம்புக்கனிக்குக் காது சுட்டது. ஜுலைகா அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அதைவிட இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம்.

வெளியே அடைபட்ட பழைய வாசலை ஒட்டிப் பூவரச மரம் ஒன்று நின்றது. அதன் நிழலில் இசக்கியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“இந்த வாசல்ல ஒரு கவுண்டர் இருந்துச்சு,” என்றாள். “எனக்குக் கல்யாணமான புதுசுல எங்க அம்மா போடுற லெட்டரெல்லாம் இங்கதான் வரும். ஒரு தகர டின்னு வச்சிருப்பாங்க.”

“நீங்க இங்கயே இருங்க,” என்றாள் சுயம்புக்கனி. “எங்கயும் போயிராதீங்க. நான் ஆபீசுக்குப் போயிட்டு ஒரு காரியம் முடிக்கணும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்? கங்காணி அரைநாள் கூலியப் புடிச்சிருவாரு.”

“சீக்கிரம் வந்திரும்.” என்ன வரும் என்று இவளும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் இருக்கைக்குத் திரும்பியிருந்தார்கள். சுயம்புக்கனி சான்றுப் படிவத்தைத் திறந்தாள். முதலில் ‘கவனக்குறைவால்’ என்றுதான் தட்டினாள். விரல் தானாக அங்கே போயிற்று. எட்டு மாதம் என்பது அலுவலகக் கணக்கில் ஒன்றுமேயில்லை, எத்தனையோ கோப்புகள் எட்டு வருடம் தூங்கியிருக்கின்றன. புருஷன் முகம் வந்தது. நாத்தனார்கள் கடையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னென்ன பேசுவார்கள் என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது: ஒருத்தி உயிரோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள், இவள் நாத்தனாரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வார்த்தையை அழித்தாள். ‘தெரிந்தே’ என்று தட்டினாள்.

“என்ன எழுதுதிய?” என்றார் அருமைநாயகம். அவர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

மறைக்கலாமா என்று ஒரு கணம் கை போயிற்று. மறைக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் படித்தார்.

“இது தேவையா? கவனக்குறைவுன்னு போட்டா எட்டு மாசத்துல தானா சரியாயிரும். பத்துப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ் பாக்கியிருக்கு உங்களுக்கு.”

“அந்த அம்மாவுக்கு மூணு நாள்தான் பாக்கியிருக்கு அண்ணாச்சி.”

“யாரு, பட்டையத் திருப்பித் தந்தாளே, அவளா?”

“அவதான்.”

அவர் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கட்டம் ஒன்று மிச்சமிருந்தது: நீக்கப்பட்டவர்கள் உண்மையானவர்கள் என்பதைத் தாங்கள் அறிந்த விதம். பதினொரு நினைவூட்டுக் கடிதங்களை ஒரு பிழையில்லாமல் எழுதியவளுக்கு அந்த ஒரு கட்டம் நிரம்ப அரைமணி நேரமாயிற்று. எழுதியது இவ்வளவுதான். ‘பிறந்தது முதல் இருபத்து மூன்று வயது வரை என் விலாசமும் அதுதான். என் தகப்பனார் உப்பு சுமந்தவர். கூட்டத்தில் கமிஷனர் கேட்டபோது எனக்குத் தெரியும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இருபத்திரண்டு பேர் பெயர் என்னிடம் வந்தது. அவர்களில் யார் இருக்கிறார்கள் என்றுகூட நான் விசாரிக்கவில்லை.’

நிச்சயமாக அனுப்பவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

இனி என்ன, எங்கோ உப்பளத்திலும் படகுத்துறையிலும் பட்டைகள் அடிக்கும் என்று அவள் நினைத்தாள். அடித்தது அவள் கையிலேயே. ஏழெட்டு வருடமாகச் சத்தமே காட்டாத பட்டை மணி அடித்து, பெண்குரலில், “உங்கள் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது” என்றது. அவள் மற்றக் கையால் அதைப் பொத்தினாள். முதல் பதிவு போனால் பட்டை ஊமை என்று ஜுலைகா சொன்னபோது, தன் கையை ஒருதரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரத்துக்கு அந்த விலாசத்தை மறந்திருந்தாள்.

போன் அடித்தது. ஜுலைகா. “அக்கா, அந்த அம்மா பட்டை கூப்பிட்டிருச்சு. உள்ள கொண்டுபோயாச்சு, ஊசி ஏறிக்கிட்டிருக்கு. ரிப்பேர் சரியாயிருச்சுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

சுயம்புக்கனி சரி என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அப்போது பக்கத்து மேசையிலிருந்து அதே மணி கேட்டது. உங்கள் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. அருமைநாயகம் பட்டையை ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் வைத்து அழுத்தினார். அதற்குக் கீழேயிருந்தும் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கூடத்தில், தட்டச்சுப் பிரிவில் ஒன்று அடித்தது. வரிவசூல் ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு. கமிஷனர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் நேர்முக உதவியாளர் எழுந்து அவசரமாக வெளியே போனார், போகப்போக அவர் கையும் பேசிக்கொண்டே போயிற்று. அந்தக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள்தான் எல்லாரும்.

பிறகு அருமைநாயகம், ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“டின்னு மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கட்டைவிரலக் குடுத்து நெம்பணும்.”

“ஆமா,” என்றாள் சுயம்புக்கனி. “இடதுபக்கம்.”

“கூட்டத்துல முதல்ல சிரிச்சது நான்தான்.”

“தெரியும் அண்ணாச்சி. நான் ரெண்டாவது.”

மாடியில் இன்னொரு பட்டை அடித்தது. அது யாருடையது என்று யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.